கிரவுனை மாற்றி மாட்டியவன்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் மகள் மலர்விழியின் கார் பின்னால் போனது. அது முன்னால் போயிருக்க வேண்டும்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், நான்கு தெருவும் ஒரு தேவாலயமும் கொண்ட ஊரில் இருக்கிறேன். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. மனைவி காலமாகிவிட்டாள். மலர் இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். பிறந்தநாளுக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கும் மட்டும் வந்துகொண்டிருந்தவள், ஒரு வருடமாக ஞாயிறுதோறும் வருகிறாள். என்னைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று சொல்லிக்கொள்ள ஆசை. அவளுடைய கார் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது, அதைப் பார்க்க வருகிறாள்.

ஐம்பதுகளில் செய்த வண்டி. இரண்டு இருக்கை, கூரை கிடையாது, நீண்ட மூக்கு. பழைய என்ஜினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டாரும் பேட்டரியும் வைக்கப் போகிறேன் என்று அவள் சொன்னபோது நான் ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் டார்ச் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் குனிந்திருந்தேன். எங்களுக்குள் பேச வேறு விஷயம் இல்லாமல் போய்ப் பல வருடங்கள். இப்போது போல்ட் அளவு பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம்.

நடுவில் வாகனப் பதிவு அலுவலகத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது. இவ்வளவு பாகங்களை மாற்றிய பிறகும் இது அதே வண்டிதான் என்று நிரூபிக்க வேண்டுமாம். மலர் திட்டித் தீர்த்தாள். எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இரண்டு கடவுச்சீட்டு மாறி, பல் மாறி, ஒரு முழங்கால் மாறி உட்கார்ந்திருக்கிற என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓட்டம். நான் கடையிலிருந்து நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். பழத்தின் மேல் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது, அதையும் உரித்தேன். மலர் கண்ணை உருட்டினாள், ஆனால் படம் எடுத்துக்கொண்டாள். ஏறி உட்கார்ந்தாள். மிதித்தாள். வண்டி சத்தமே இல்லாமல் பின்னால் பாய்ந்து குப்பைத் தொட்டியை இடித்துத் தள்ளியது.

மலர் சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பு. "டாடி, நான் தப்பு!" என்றாள்.

தப்பு என்னுடையது என்று சொல்ல வந்திருக்கிறாள். அவளுக்கு வரும் தமிழ் அப்படித்தான். மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் இரண்டை இடம் மாற்றி மாட்டிவிட்டாள். நம் ஊரில் பம்பு செட்டு வைத்திருப்பவர்களுக்கு இது உடனே புரியும். லைன்மேன் வந்துபோன மறுநாள் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமே, அதே கதைதான்.

குப்பைத் தொட்டி உருண்டு நிற்பதற்குள் சொல்லிவிட்டாள். நான் அதை நிமிர்த்தி வைப்பதற்குள் மூடியைத் திறந்து கம்பிகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். "நான் தப்பு, நான் தப்பு" என்று பாட்டுப் போலச் சொல்லிக்கொண்டே.

நான் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். இதே எலுமிச்சம்பழம், இதே போல ஒரு கார், இதே போலப் பின்னால் பாய்ந்ததை நான் இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இந்த இரண்டு சொல்லைச் சொல்ல வேண்டியவன் நான். சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

2

நெருக்கடி நிலை முடிந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்தது. நான் சென்னையில் பொறியியல் படித்து முடித்துவிட்டு, இங்கிலாந்து வேலைக்கான காகிதங்கள் வரக் காத்துக்கொண்டு உத்திரமேரூரில் வீட்டோடு இருந்தேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். பெருநகர் சாலையில் அவர் ஒரு துண்டு நிலம் வாங்கினார். விற்ற சென்னைக்காரர் நிலத்தோடு ஒரு கொட்டகையையும், கொட்டகைக்குள் ஒரு காரையும் விட்டுவிட்டுப் போனார். சோழவரம் பந்தயத்தில் ஓடிய வண்டி என்று சொன்னார். அப்போது அதில் கோழி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது.

வைக்கோலை விலக்கிப் பார்த்தேன். அந்த நீண்ட மூக்கு, இரண்டு பெரிய விளக்கு, கம்பி போட்ட சக்கரம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருந்த பாயிடம் ஓடினேன். பாய் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் இருந்த இரண்டு லாரி முதலாளிகளும் ஒரு பஸ் முதலாளியும் அவரைத் தவிர வேறு யாரையும் வண்டியில் கைவைக்க விடமாட்டார்கள்.

பாய் வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோழியைத் தூக்கித் தரையில் விட்டார். இருக்கையில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தார்.

"இன்னா பாய், ஆவுமா?"

"ஆவுமாவா? இத்த வுட்டா பாவம்பா. ஆனா ஒண்ணு, உங்க நைனா கைய வெட்டிடுவாரு."

நைனா வெட்டவில்லை. வைகாசியில் என் தங்கை சுலோசனாவின் கல்யாணம். மாப்பிள்ளை மதுராந்தகம் பக்கம். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு மேல் திறந்த கார் வேண்டும், அதற்குக் காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்கு எடுக்க வேண்டும், எடுத்தாலும் அது பாதி வழியில் நிற்கும் என்று அவருக்குக் கவலை. காரை ஓட வைக்கலாம் என்று பாய் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம வண்டி, நம்ம புள்ள பண்ணது, அதுல மாப்ள வரணும். வைகாசிக்குள்ள முடிப்பியா?"

"முடிப்பேன் நைனா."

"பூசை போட்டு எலுமிச்சம்பயத்து மேல ஏத்தறதுக்கு முன்னால ஒரு அடி கூட ஓட்டக் கூடாது. அது மட்டும் பாத்துக்க."

3

அந்த மாதங்களைப் போல நான் பிறகு எங்கும் வேலை செய்ததில்லை. இங்கே பெரிய தொழிற்சாலையில் இருந்திருக்கிறேன், பதவி உயர்வெல்லாம் வந்திருக்கிறது. காலையில் கண் விழித்ததும் ஓட வேண்டும் போலிருந்தது அப்போது மட்டும்தான்.

காரை இழுத்துக்கொண்டுபோய்ப் பாயின் பட்டறையில் நிறுத்தினோம். என்ஜின் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒரு நாள் நெம்பியபோது கடக் என்று ஒரு சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். இங்கிலாந்துச் சாமானுக்கு எங்கே போவது? இருப்பதை வைத்துத்தான் ஒப்பேற்றினோம். பிரேக் ஒரு பழைய அம்பாசடரிலிருந்து. என்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்த் தொட்டி டிராக்டரிலிருந்து, அது கொஞ்சம் பெரிது, முன்னால் பல் எடுப்பாக இருப்பது போல நீட்டிக்கொண்டிருந்தது. ஹாரன் லாரியிலிருந்து. அதை முதன்முதலில் அமுக்கியபோது பட்டறையில் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. இருக்கைக்குப் பின்னால் மாப்பிள்ளை உயரமாக உட்கார ஒரு மேடை அடித்து மெத்தை வைத்தோம்.

நிறம் சுலோசனா சொன்னது. அவளுடைய முகூர்த்தப் புடவை மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை. புடவை நெய்தவரிடமிருந்து கைவிரல் அளவு துணி வாங்கி வந்து பெயிண்ட் கடைக்காரரிடம் காட்டினேன். வெயிலில் ஒரு நிறம், நிழலில் ஒரு நிறம், எப்படிக் கலப்பது என்று அவர் அலுத்துக்கொண்டார். ஆனாலும் கலந்துவிட்டார். இருக்கைக்கு அரக்கு நிறத் துணி.

"கல்யாணப் பொண்ணு நீயா, வண்டியான்னு மாப்ள குயம்பிடப் போறான்" என்று பாய் சுலோசனாவைக் கேலி செய்வார்.

"என்ன பண்றது பாய், வண்டிக்கு வாயில்ல, எனக்குக் கீது" என்பாள் அவள்.

பின்அச்சின் நடுவில் குடம் போல ஒரு பகுதி இருக்கும். அதற்குள் இருக்கும் பெரிய பற்சக்கரத்தை மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்கள். என்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குத் திருப்பிக் கொடுப்பது அதுதான். எங்கள் வண்டியில் அதன் பல் உடைந்திருந்ததால் வேறு ஒன்று தேடிப் பிடித்தோம். அது வந்து சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பாய் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நான் மாட்டட்டா பாய்?"

"மாட்டு, மாட்டு. நீதான் இஞ்சினியராச்சே."

மாட்டினேன். அந்தக் குடம் போன்ற உறையை இரண்டு பக்கமாகவும் திருப்பி மாட்டலாம், போல்ட் இரண்டு விதத்திலும் அழகாகப் பொருந்தும். கிரவுன் ஒரு பக்கம் இருந்தால் வண்டி முன்னால் போகும். மறுபக்கம் இருந்தால் முன் கியர் நான்கும் பின்னால் இழுக்கும், ரிவர்ஸ் போட்டால்தான் முன்னால் நகரும். இதெல்லாம் நான் படித்தது, பரீட்சையில் படம் போட்டு எழுதியது. பாய் திரும்பி வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

டயர் இன்னும் வரவில்லை, வண்டி செங்கல் மேல் நின்றது. அன்று சாயங்காலம் என்ஜினை எழுப்பி, கியர் போட்டோம். பின்பக்கம் சக்கரம் மாட்டும் இரண்டு டிரம்மும் வழுவழுவென்று சுற்றின. பட்டறைக்கு வெளியே கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள், நாங்களும் கைதட்டினோம். சுற்றுகிறதா என்று எல்லோரும் பார்த்தோம். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

4

ஊர்வலத்தன்று காலையில் பூசை. மாப்பிள்ளை வீட்டார் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனிடம் நைனா என் தோளில் கைபோட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "மொத்தமும் எம்பையன் பண்ணதுங்க. உள்ள கீற கிரவுனு மொதக்கொண்டு அவன் கையால மாட்னது. லண்டன் போறான்."

பட்டறையிலிருந்து தள்ளிக்கொண்டே வந்த வண்டி பந்தலுக்கு முன்னால் நின்றது. மாலை, சந்தனம், நான்கு சக்கரத்துக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். பின்னால் நாதஸ்வரக்காரர்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நீர்மோர் அண்டா. ஓட்டுவதற்குப் பாய்தான் உட்கார்ந்தார். பூசணிக்காய் உடைத்தாயிற்று.

"வுடு பாய், நல்ல நேரம் போவுது!" என்றார் நைனா.

பாய் முதல் கியரைப் போட்டார். வண்டி உறுமிக்கொண்டு பின்னால் பாய்ந்தது. தவில்காரர் தவிலோடு எழுந்து ஓடினார். வாழைமரம் சாய்ந்தது, அண்டா கவிழ்ந்தது, வண்டியின் மயில்கழுத்துப் பெயிண்ட் முழுக்க மோர். யாருக்கும் அடி படவில்லை. எலுமிச்சம்பழம் நான்கும் வைத்த இடத்திலேயே இருந்தன.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தாய்மாமன் சொன்னார்: "இன்னாங்க இது, பொண்ணு வூட்டு வண்டி எங்களப் பாத்துட்டுப் பின்னால போவுது?" அவர்கள் பக்கத்தில் ஒரு பெரியம்மா, "சகுனம் செரியில்ல" என்றார். சிரிப்பு நின்றது. சுலோசனா வாசலில் நின்றிருந்தாள். அவள் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நைனா கத்தினார். "இன்னா பாய்! கியரு கூடத் தெரியாதா உனக்கு? ரிவர்ஸ்லயா போடுவ?"

பாய் கியரைப் பார்த்தார். கிரவுன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதே நொடி எனக்கும் புரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். நைனாவின் கை இன்னும் என் தோளில் இருந்தது. நான் எலுமிச்சம்பழங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாங்க ஐயா" என்றார் பாய். "கை தவறிப்போச்சி. ரிவர்ஸ் வியுந்துடுச்சி. இப்ப பாருங்க."

ரிவர்ஸைப் போட்டார். வண்டி ஊ என்று ஊளையிட்டுக்கொண்டு முன்னால் வந்தது. பழம் நான்கும் ஒவ்வொன்றாக நசுங்கின. பந்தலே கூச்சல் போட்டது. தாய்மாமனும் விசில் அடித்தார்.

5

கழற்றி மாட்ட நேரம் இல்லை. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை ஊர்வலம் முழுவதும் ரிவர்ஸ் கியரிலேயே நடந்தது. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிரிப்பு வருகிறது.

ஊர்வலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வேகம் கிடையாது. நடக்கிறவர்களோடு நடந்தது வண்டி. அந்தக் கியர் போடும் ஊளை வேறு. நாதஸ்வரக்காரர் இரண்டு முறை திரும்பி முறைத்துவிட்டு, கடைசியில் அதையே சுருதியாக எடுத்துக்கொண்டார். வண்டி சூடேறிக்கொண்டே வந்ததால், நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு குடத்தோடு பக்கத்தில் ஓடினேன். தெருமுனைக்குத் தெருமுனை தண்ணீர் ஊற்றினேன்.

"பாய், கொஞ்சம் வேகமாப் போங்களேன், காலு மரத்துப்போச்சு" என்றார் மாப்பிள்ளை மேலே இருந்து.

"மாப்ள, இதான் டாப்பு. இதுக்கு மேல போனா பொண்ணு வூட்டத் தாண்டிடும்."

பெருமாள் கோயில் தெரு முனையில் வண்டியை ஒடித்துத் திருப்பக் கொஞ்சம் பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு முதல் கியர் போட வேண்டும். "எல்லாம் நவுருங்க, வண்டி பின்னாடி குதிக்கும்!" என்று பாய் லாரி ஹாரனை அமுக்கினார். ஊரே விலகி நின்று கைதட்டியது. நான் குடத்தோடு நின்று சிரித்தேன், பாயும் சிரித்தார். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமான நேரம் வேறு இல்லை. அந்தச் சந்தோஷத்தில் பாதி அவருடைய பெயரைக் கெடுத்து வந்தது.

6

கல்யாணம் முடிந்து, வண்டியைக் கழற்றிக் கிரவுனைத் திருப்பி மாட்டினோம். பெருநகர் சாலையில் விட்டோம் பாருங்கள்! வயலெல்லாம் பச்சைக் கோடாக ஓடியது. செய்யாற்றுக் காற்று முகத்தில் அறைந்தது. "யா அல்லா! இன்னா ஓட்டம்!" என்று பாய் கத்திக்கொண்டே வந்தார். பெருநகரில் டீக்கடை முன் நிறுத்தினோம்.

டீயை ஆற்றிக்கொண்டே அவர் கேட்டார். "தயாளா, ஊர்ல என்னை ரிவர்ஸ் பாய்னு கூப்புட ஆரம்பிச்சிட்டானுங்க. தெரியுமா?"

"கேள்விப்பட்டேன் பாய்."

"அன்னிக்குக் கல்யாணம், பொண்ணோட வாய்க்கை. நான் ஏத்துகினேன். இப்பதான் முடிஞ்சிச்சே, நீ சொல்லிடு. நான் சொன்னா தப்பிச்சிக்கப் பாக்கறான்னுவானுங்க. நீ சொன்னாத்தான் நம்புவானுங்க."

"சொல்றேன் பாய்."

நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நைனா வருவோர் போவோரிடமெல்லாம் என் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு காகிதங்கள் வந்துவிட்டன. விமானம் ஏறினேன்.

முதல் முறை விடுமுறையில் போனபோது லாரி முதலாளி ஒருவர் வீட்டுக்கு வந்தார். வண்டியை இப்போது பழுதுபார்க்கச் செங்கல்பட்டில் விடுகிறாராம். "கியரே தெரியாதவன்கிட்ட லாரிய வுட முடியுமா, நீயே சொல்லு தம்பி" என்றார். நான் காபியைக் குடித்து முடித்தேன். பஸ் முதலாளியும் போய்விட்டார் என்று சுலோசனா சொன்னாள். பாய் டிராக்டர் வேலைக்கு மாறியிருந்தார். அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் நிலையம் வழியாக நான் நடப்பதில்லை, சுற்றிக்கொண்டு போவேன்.

7

வாசற்படியில் உட்கார்ந்து மலரிடம் இதையெல்லாம் சொன்னேன். கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரிவர்ஸ் பாய்? யார் அந்த பாய், சின்னப் பையனா?"

"இல்லம்மா. நம்ம ஊர்ல பாய்னா அண்ணன் மாதிரி. நீ சொல்ற பையன் நான்தான்."

அவள் சிரிக்கவில்லை. "கூப்பிடுங்க. இப்பவே" என்றாள் ஆங்கிலத்தில்.

சுலோசனாவிடம் எண் வாங்கினேன். அங்கே சாயங்காலம். "ரிவர்ஸ் டிராக்டர் ஒர்க்ஷாப்" என்று ஒரு குரல் எடுத்தது. பாயின் மகன். என் காது சுட்டது. பிறகு பாய் வந்தார்.

"யாரு?"

"தயாளன், பாய்."

"அட, இஞ்சினியரு! இன்னும் கீறியா?"

"இருக்கேன் பாய்."

"நானும் கீறேன். சொல்லு."

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "பாய், நான் தப்பு" என்றேன்.

"இன்னா தமியு இது? அங்க போயி அத்தயும் மறந்துட்டியா?"

"அந்தக் கிரவுன், பாய். நான்தான்..."

"எனக்கு ஏம்பா சொல்ற? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. ஊருக்குல்ல சொல்லச் சொன்னேன்." அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "ரொம்ப நாளு பாத்தேன். இன்னிக்கு சொல்லுவான், நாளைக்கு சொல்லுவான்னு. உங்க நைனா போயிட்டாரு. பஸ்காரன் போயிட்டான். லாரிக்காரனுக்குக் காது கேக்காது. யாரண்ட போயி சொல்லுவ இப்ப?"

மலர் என் தோளைத் தொட்டாள். "எழுதறேன் பாய்" என்றேன். "நம்ம ஆளுங்க படிக்கிற பத்திரிகைல எழுதறேன்."

"மெய்யாவா?" குரல் சட்டென்று உயர்ந்தது. "பேர் போட்டா?"

"பேர் போட்டு."

"இந்த ரிவர்ஸ் இருக்குதே, அத்த எம்புள்ள போர்டுல எய்திகினான். ஓடிகினு கீது, போவட்டும். நீ எய்தறதுல தலைப்புல கிலைப்புல அது வேணாம். எம்பேரு போடு. முய்ப் பேரு."

"சரி பாய்" என்று பேனாவை எடுத்துவிட்டு நின்றேன். பாய் என்றே கூப்பிட்டுப் பழகியிருக்கிறேன். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"பாய், உங்க பேரு..."

அந்தப் பக்கம் இருமலும் சிரிப்புமாக வெகுநேரம் கேட்டது. "அடப்பாவி! எத்தினி நாளு எங்கூட ஒக்காந்து நாஷ்டா துன்ன!" பிறகு எழுத்து எழுத்தாகச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

மலர் கம்பியை மாற்றி முடித்திருந்தாள். பழங்களைச் சரிபார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். போனை வைக்காமல் வண்டிப் பக்கம் நீட்டினேன். சத்தமே இல்லாத வண்டி, எலுமிச்சம்பழம் நசுங்குவது மட்டும் கேட்டிருக்கும்.

"முன்னாலதானே போவுது?" என்றார் பாய்.

முன்னால்தான் போனது.

உத்திரமேரூரிலும் பெருநகரிலும் இதைப் படிப்பவர்கள், காது கேட்காதவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அன்று கிரவுனை மாற்றி மாட்டியவன் தயாளன். அந்த வண்டியையும் முன்னால் ஓட்டிக் காட்டியவர் ஐ. ஷேக் மதார்.